கருநீலம் கண்டதுண்டா?

சோற்றை உருட்டினார்கள், தரையில் அடித்தார்கள், பந்தெனத் துள்ளியது. "ஐயோ, பிளாஸ்டிக் அரிசி!" என்று அலறினார்கள்.

2017 ஜூன் திங்களில் ஐதராபாத்திலும் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் எழுந்த அலறல் அது. எல்லைச் சாவடியில் அதனை நிறுத்துவார் இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. சீனத்திலிருந்து கப்பலில் வருகிறது என்றார் ஒருவர். ஆலையில் அச்சில் வார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். தின்றால் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்றார் மூன்றாமவர். அதிகாரிகள் கடைகளில் மாதிரி எடுத்தனர், சோதித்தனர், பிளாஸ்டிக் இல்லை என்று முடிவும் கூறினர். கூறி என்ன? முடிவைப் படித்தவர் சிலர்; துள்ளிய உருண்டையைக் கைப்பேசியில் கண்டு நடுங்கியவர் பலர்.

யார் பரப்பினார்கள் இந்தப் பொய்யை? எழுத்தறியாத கிழவியா? இல்லை, தோழர்களே! கிழவிக்கு அரிசியைத் தெரியும். ஐம்பது ஆண்டு முறத்தில் புடைத்தவள் அவள். ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பழையதா புதியதா, புழுங்கலா பச்சையா என்று சொல்லிவிடுவாள். பரப்பியவர்கள் படித்தவர்கள். பள்ளியிறுதி தேறியவர்கள், பட்டம் பெற்றவர்கள், பதவியில் அமர்ந்தவர்கள். அவர்கள் அனைவரும் பள்ளிப் பருவத்தில் ஒரு வரியை எழுதி மதிப்பெண் வாங்கியவர்களே: 'மாவுச்சத்துடன் அயோடின் சேர்ந்தால் கருநீல நிறம் தோன்றும்.'

எழுதினார்கள். வாங்கினார்கள். தேர்வு முடிந்த மறுநாள் மறந்தார்கள். தட்டில் இருந்த சோறு சோறுதானா என்று ஐயம் எழுந்தபோது, அந்த வரி நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும், மருந்துக் கடைக்குச் சென்று ஒரு சிறு பாட்டில் வாங்கிவந்து சொட்டிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? இதைத்தான் கேட்கிறோம்.

முதலில் வதந்தியின் மூன்று 'சான்று'களையும் முடித்துவிடுவோம். துள்ளுகிறதாம்! குழைந்த சோற்றை இறுக்கிப் பிடித்தால் அதிலுள்ள மாவுச்சத்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்கிறது. இடையே காற்றும் அடைபடுகிறது. ஆகவே துள்ளுகிறது. எரிகிறதாம்! அரிசி எரியாமல் வேறென்ன செய்யும்? சோறு அடிப்பிடித்துக் கருகியதைக் காணாத வீடு உண்டா? கஞ்சியின் மேல் ஏடு படிகிறதாம், அது பிளாஸ்டிக் தாளாம்! வடிகஞ்சி ஆறினால் ஏடு படியும் என்பது, கஞ்சியில் துணியை நனைத்து விறைப்பாக்கும் சலவைத் தொழிலாளிக்குத் தெரியும். பட்டதாரிக்குத்தான் தெரியவில்லை.

விலைக் கணக்கையும் எவரும் போடவில்லை. பிளாஸ்டிக் மணியை விலை கொடுத்து வாங்கி, அரிசிபோல் வார்த்து, அரிசியைவிட மலிவாக விற்க ஒரு வணிகன் முன்வருவானா? அதிலும் தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் 2011 முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றியே கிடைக்கிறது. கலப்படக்காரனுக்கு நெஞ்சில் ஈரம் இராது என்பது மெய். ஆனால் கணக்கு இருக்கும்!

சரி, சொட்டிப் பார்ப்போம். ஊறவைத்து நசுக்கிய அரிசியின்மேல், அல்லது ஆறிய கஞ்சியின்மேல், நீர் கலந்து இளக்கிய அயோடின் கரைசலில் ஒரு சொட்டு. பழுப்பாக விழுந்த சொட்டு, விழுந்த இடத்திலேயே கருநீலமாகிறது. பிளாஸ்டிக் மணியின்மேல் சொட்டினால் அது பழுப்பாகவே நிற்கும், துடைத்தால் மஞ்சள் கறை மிஞ்சும், நீலம் வாராது. பழைய டிஞ்சர் அயோடின்தான் வேண்டும் என்பதும் இல்லை. இப்போது புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினும் இந்த வேலையைச் செய்யும்.

வதந்தி வல்லுநர் சும்மா இருப்பாரா? "அது முழுப் பிளாஸ்டிக் அன்று, உருளைக்கிழங்கு மாவும் வள்ளிக்கிழங்கு மாவும் பிசினும் கலந்து செய்கிறார்கள்" என்பார். உண்மையிலேயே அப்படியும் ஒரு செய்தி உலவியது. இது நல்ல கேள்வி என்றே நாம் கொள்கிறோம். உருளைக்கிழங்கு மாவும் அயோடினில் நீலமாகும். ஆகவே நீலம் கண்டவுடன் வென்றோம் என்று கொட்டி முழக்கக் கூடாது. அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும். அரிசியை நிறைய நீர்விட்டுக் கூழாகும்வரை கொதிக்க வைக்கட்டும். எந்தப் பிளாஸ்டிக்கும் கஞ்சியாகக் கரையாது. பின்னர் அந்தக் கூழை ஆற்றி, நீர்க்கச் செய்து, சிறிது எடுத்து, அதில் உமிழ்நீர் கலந்து, உடற்சூட்டில் வைத்திருந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து அயோடினில் விட்டுப் பார்க்கட்டும். முதல் துளி கருநீலம். பின்னர் ஊதா. பின்னர் செம்பழுப்பு. கடைசியில் அயோடினின் நிறமே மிஞ்சும். மாவுச்சத்தை நம் எச்சில் சிறுகச் சிறுகச் சருக்கரையாக உடைத்துவிட்டது! உமிழ்நீருக்கு இந்த ஆற்றல் உண்டு என்று 1831-இல் லாய்க்ஸ் என்ற செருமானியர் கண்டறிந்தார். நம் வாயிலேயே ஓர் ஆய்வுக்கூடம் இருக்க, நாமோ கைப்பேசியில் வந்த கூத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றோம்.

இதனால் வரும் கேடு வெறும் அச்சத்தோடு நின்றுவிடுகிறதா? அதுவும் இல்லை. 2016 டிசம்பரில் நைசீரியாவின் லாகோஸ் நகரில் 102 மூட்டை அரிசியைச் சுங்கத்துறையினர் கைப்பற்றினர். பிளாஸ்டிக் அரிசி என்று உலகெங்கும் செய்தி பறந்தது. ஆய்வு செய்தார்கள். பிளாஸ்டிக் இல்லை, ஆனால் அளவுக்கு மேல் நோய்க்கிருமி இருந்தது! உலகத்தார் வாயெல்லாம் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் என்று ஒலித்துக்கொண்டிருந்தபோது, உண்டவனை வீழ்த்தக்கூடிய உண்மைக் குறை மூட்டைக்குள் ஒளிந்திருந்தது. பொய்யச்சம் செய்யும் பெருங்கேடு இதுதான்: மெய்யச்சம் கொள்ளவேண்டிய இடத்திலிருந்து நம் கண்ணைத் திருப்பிவிடுகிறது.

நம் நாட்டிலும் அதே கதை மறுமுறை நடந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று செறிவூட்டிய அரிசியை அரசுத் திட்டங்கள் அனைத்திலும் 2024-க்குள் வழங்குவதென அறிவித்தார்கள். அரிசி மாவுடன் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் கலந்து, பிசைந்து, அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகள். நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு. நியாயவிலைக் கடைக்கு அது வந்தபோது என்ன கண்டார்கள் மக்கள்? சில மணிகள் நிறத்தில் சற்றே வேறு; நீரில் மிதக்கின்றன. உடனே பழைய பல்லவி: பிளாஸ்டிக்! பொறுக்கி எறிந்தார்கள். இரத்தசோகைக்கென்று சேர்த்த மணியை, இரத்தசோகை கொண்ட தாயே முறத்திலிருந்து பொறுக்கி எறிந்தாள். அவளை நாம் குறைகூறோம். அவளிடம் எவர் வந்து சொன்னார்? எவர் வந்து காட்டினார்? அந்த மணியை நசுக்கி ஒரு சொட்டு விட்டிருந்தால், பக்கத்து அரிசியைப் போலவே அதுவும் கருநீலமாகியிருக்கும். ஏனெனில் அதுவும் அரிசி மாவுதான். கடைத் திண்ணையில் ஐந்து நிமிட வேலை!

அந்த அரிசியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு உண்டு. எல்லாருக்கும் இரும்புச்சத்தைச் சோற்றில் கலந்து ஊட்டுவது சரியான வழியா? தலசீமியா போன்ற குருதிக் குறைபாடு உள்ளவருக்கு அது ஏற்குமா? காயும் கீரையும் முட்டையும் வாங்கும் வருவாய் ஏழைக்கு இருந்தால் இந்த மணி வேண்டியிருக்குமா? மருத்துவரும் மக்களும் மன்றத்தில் கூடி வழக்காடவேண்டிய கேள்விகள் இவை. இவற்றுக்கு அயோடின் விடை கூறாது. ஆனால் பிளாஸ்டிக் என்ற பொய்க்கூச்சல் அடங்கினாலன்றி இக்கேள்விகள் எவர் காதிலும் விழா.

இனி, நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஏன் ஒருவருக்கும் சொட்டிப் பார்க்கத் தோன்றவில்லை?

பள்ளிக்கூடம் செல்வோம். ஆய்வகம் என்று எழுதிய அறை. உள்ளே ஓர் அலமாரி. அலமாரியில் ஒரு பூட்டு. பூட்டுக்குள் ஒரு பழுப்புப் பாட்டில். மூலவர் கருவறையில் இருப்பதுபோல் அயோடின் அங்கே எழுந்தருளியிருக்கிறது. ஆண்டுக்கொரு நாள், மேலதிகாரி பார்வையிட வரும் திருநாளில், உற்சவராக மேசைமேல் வரும். பதிவேட்டில் 'பாட்டில் ஒன்று' என்று குறிக்கப்பெறும். மீண்டும் கருவறை புகும். நமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், மூடியின் இடுக்கு வழியே அயோடின் ஆவியாகிக் கசிந்து கசிந்து, ஒட்டியிருந்த பெயர்த்தாளையே தின்றுவிட்டது. பாட்டிலுக்குள் பாதியும் இல்லை. ஆயினும் பதிவேட்டில் பாட்டில் ஒன்றுதான்!

எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்ல நாம் முற்படவில்லை. தம் கைக்காசில் டிஞ்சர் வாங்கிவந்து பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசிரியர் உளர், அவர்களை வணங்குகிறோம். நாம் சாடுவது ஏற்பாட்டை. செய்முறைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மூன்று கட்டங்கள்: சோதனை, காண்பன, அறிவன. 'காண்பன' என்ற கட்டத்தில் மாணவன் என்ன எழுதுகிறான்? காணாததை! சென்ற ஆண்டு மாணவனின் பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதுகிறான். 'கருநீல நிறம் தோன்றியது' என்று எழுதும் கைக்கு, அந்த நிறம் மயில் கழுத்தின் நீலமா, நாவற்பழத்தின் கருமையா என்று தெரியாது. பொருள் தெரியாமல் ஓதுவதை மந்திரம் என்று நாம் எள்ளி நகையாடுகிறோமே, இது மட்டும் என்னவாம்? வடமொழியில் ஓதினால் மூடத்தனம், வேதியியலில் ஓதினால் கல்வியா?

ஓதக் கற்றவனுக்கு ஓதுபவர் யாராயினும் ஒன்றுதான். நேற்றுப் பாடநூல் சொன்னது, நம்பினான். இன்று கைப்பேசி சொல்கிறது, நம்புகிறான். இரண்டையும் அவன் சோதித்ததில்லை. பிளாஸ்டிக் அரிசியை நம்பியவனுக்குப் படிப்பு பயன்படாமல் போகவில்லை. அவன் பெற்ற படிப்புதான் அவனை அப்படி நம்பவைத்தது என்று நாம் சொல்கிறோம்.

இந்தச் சோதனை எப்படிப் பிறந்தது என்பதையாவது பாடத்தில் சொல்கிறார்களா? 1811-இல் பிரான்சு நாட்டில் பெர்னார் கூர்த்துவா என்பவர் வெடியுப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார். நெப்போலியனின் போர்களுக்கு வெடிமருந்து தேவைப்பட்ட காலம். கடற்பாசியை எரித்த சாம்பலில் அவர் கந்தக அமிலத்தைச் சற்றுக் கூடுதலாக ஊற்றிவிட, ஊதா நிற ஆவி எழுந்தது; குளிர்ந்த இடத்தில் கருமையாய் மின்னும் படிகமாய்ப் படிந்தது. பூனை ஒன்று பாட்டிலைத் தட்டிவிட்டதால் கண்டுபிடித்தார் என்றொரு கதையும் உண்டு. அறிவியலுக்கும் தல புராணம் எழுத ஆள் இருக்கிறார்கள் போலும்! பூனையை விட்டுவிடுவோம். ஊதா ஆவியைக் கண்டதும் விரட்டிவிட்டு வேலையைப் பார்க்காமல், இது என்ன என்று அவர் நின்று பார்த்தார். அதுவே போதும். மூன்றாண்டுகளில், 1814-இல், கொலேன், கோத்தியே த குளோப்ரி என்ற இருவர் அந்தப் புதுப்பொருள் மாவுச்சத்தோடு சேர்ந்தால் நீலமாகிறது என்று எழுதினர்.

நீலத்தின் காரணம் விளங்கப் பின்னும் நெடுங்காலம் பிடித்தது. மாவுச்சத்து இருவகைச் சங்கிலிகளால் ஆனது. அமைலோசு என்பது கிளையின்றி நீண்ட சங்கிலி. சுருள்வில்போல் வளைந்து நடுவே ஒரு குழாய்போல் வெற்றிடம் விட்டு நிற்பது. அயோடின் அணுக்கள் வரிசையாக அந்தச் சுருளுக்குள் நுழைந்து அமர்கின்றன. அப்படி அமர்ந்தபின் அவை ஒளியை உறிஞ்சும் வகை மாறிவிடுகிறது. நம் கண்ணுக்கு நீலம் தெரிகிறது. அமைலோபெக்டின் என்ற மற்றொன்றோ கிளைவிட்டுப் படர்ந்தது; நீண்ட சுருள் அதில் இல்லை; ஆகவே அது செவ்வூதாவே தரும். நாம் உண்ணும் அரிசியில் பெரும்பாலானவற்றின் மாவுச்சத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு அமைலோசு. அந்தப் பங்குதான் நீலத்தைத் தருகிறது.

சுருள்தான் காரணம் என்பதைச் சொல்லால் நம்பவேண்டியதும் இல்லை. நீலமான கஞ்சியைச் சுடவையுங்கள், சுருள் நெகிழ்ந்து அயோடினை விட்டுவிடும், நிறம் மறையும். ஆறவிடுங்கள், நீலம் மீண்டும் வரும். வகுப்பில் இதனை ஒருமுறை காட்டுங்கள். பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பாருங்கள்! எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், அதிலுள்ள வைட்டமின் சி அயோடினை வேறாக மாற்றிவிடுவதால் நீலம் நொடியில் வெளுக்கும். நல்லவேளை, இந்த வித்தை பில்லி சூனியக்காரர் கையில் சிக்கியிருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். செம்பில் கஞ்சித் தண்ணீர், விரல் நுனியில் மறைத்த அயோடின், "பார், உன் வீட்டுத் தீவினை கருநீலமாய் இறங்கிவிட்டது!" பிறகு ஓர் எலுமிச்சம்பழம், ஒரு முணுமுணுப்பு, ஒரு பிழி, "பார், கழிந்துவிட்டது! ஐயாயிரம் எடு!" பாடநூலில் அந்த வரியை எழுதித் தேறியவரே பணம் எடுத்து நீட்டியிருப்பார். இதை வகுப்பில் கண்ணால் கண்ட பன்னிரண்டு வயதுச் சிறுமியோ, "சாமி, விரலைக் காட்டுங்கள்" என்று கேட்டிருப்பாள்.

செடி உணவு செய்ய ஒளி வேண்டும் என்பதும் இதே சொட்டால் காட்டப்பட்டதுதான். யூலியசு சாக்சு என்ற செருமானிய அறிஞர் 1860-களில் இலையின் ஒரு பகுதியை மறைத்து, மறுபகுதியில் வெயில்படவிட்டு, பின் அயோடினில் தோய்த்தார். வெயில் பட்ட இடம் கருத்தது. மறைத்த இடம் கருக்கவில்லை. ஞாயிற்றுக்குப் பொங்கலிட்டுக் கும்பிடுவது ஒரு வழி. ஞாயிறு என்ன செய்கிறது என்று இலையைக் கேட்பது இன்னொரு வழி. நம் பாடநூல்களில் படம் இருக்கிறது. இலையின் பச்சையத்தை நீக்கச் சாராயம் வேண்டும், சுடுநீர்த் தொட்டி வேண்டும், செடியை முன்கூட்டியே ஒருநாள் இருட்டில் வைக்கவேண்டும் என்பதால், படத்தோடு பலர் நின்றுவிடுகின்றனர்.

"பணம் ஏது? நேரம் ஏது? பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா? பிள்ளைகள் கையில் கொட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?" என்று கேட்கின்றனர் பெரியவர்கள். பணமா? ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரு சிறு பாட்டில் போதும். ஒரு திரைப்படச் சீட்டின் விலையைவிடக் குறைவு. நேரமா? 'கருநீலம்' என்று பதினைந்து முறை ஓதவைக்கும் நேரத்தில் ஒருமுறை காட்டிவிடலாம். பொறுப்பா? நீர்த்த கரைசலை ஆசிரியர் தம் கையால் சொட்டினால் என்ன வந்துவிடும்? சட்டையில் கறைபடும். அவ்வளவுதான்! "நீங்கள் கலைப்பட்டம் பெற்றவர், வரலாறு சொல்லித்தருபவர், உங்களுக்கு ஏன் இந்த வேதியியல்?" என்று நம்மையும் கேட்டனர். சொட்டுக்குழாயை அமுக்கப் பட்டம் வேண்டும் என்று நாம் எங்கும் படித்ததில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது இந்நாட்டுக் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று 1976-இல் அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவில் எழுதினார்கள். அறிவியல் பட்டதாரியின் கடமை என்று எழுதவில்லை.

இவ்வளவும் கேட்டுக் கைதட்டும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். கையில் பாட்டில் வந்துவிட்டதென்று கண்டதன்மேலெல்லாம் சொட்டி, நீலம் வந்ததெல்லாம் கலப்படம் என்று தீர்ப்பெழுதக் கிளம்பாதீர்கள். மஞ்சள் தூளில் சொட்டினால் நீலம் வரும். மஞ்சள் கிழங்கிலேயே மாவுச்சத்து உண்டு. அதைக் காட்டிக் கடைக்காரரைக் கள்வன் என்று கூவினால், கூவியவர் கைப்பேசி வதந்திக்காரரின் உடன்பிறப்பே. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பது மறைவான செயலன்று, பெட்டியின்மேலேயே அச்சிட்டிருக்கும். பாலிலும் நெய்யிலும் இதன் சொல் செல்லும். அவற்றில் மாவுச்சத்து இருக்க வழியே இல்லை. பாலில் நீரூற்றிவிட்டு, பால்மானி காட்டிக்கொடுக்காதிருக்க மாவைக் கரைப்பவன் உண்டு. அவனை ஒரு சொட்டு பிடித்துவிடும். ஆனால் பாலை ஆறவைத்துச் சொட்டுங்கள். கொதிக்கும் பாலில் சொட்டினால், மாவு இருந்தும் நீலம் தோன்றாது. திருடனுக்கு நற்சான்று எழுதிக்கொடுத்தவர் ஆவீர்கள். நீலம் வராததால் பால் தூயது என்றும் பொருளில்லை. வெறும் நீரை ஊற்றியவனையோ யூரியா கலந்தவனையோ அயோடின் அறியாது. லாவோசிலும் தாய்லாந்திலும் உண்ணும் ஒட்டரிசியில் அமைலோசு இல்லை என்றே சொல்லலாம். அதில் சொட்டினால் செம்பழுப்புத்தான். அதைக் கண்டு அரிசியே அன்று என்று சொல்வீர்களோ?

அமெரிக்க நாட்டுக் கடைகளில் கள்ளநோட்டைக் கண்டறிய ஒரு பேனா வைத்திருக்கின்றனர். அதன் மையில் அயோடின். சாதாரணத் தாளில் மாவுச்சத்து பூசியிருப்பதால் கறுக்கும். பருத்தியும் ஆளிநாரும் கொண்டு செய்த நல்ல நோட்டு கறுக்காது. கடைக்காரர் கோடு கிழித்துப் பார்த்து மன நிறைவோடு பெட்டியில் போடுகிறார். கள்ளன் என்ன செய்கிறான்? சிறு மதிப்புள்ள நல்ல நோட்டை வெளுத்து, அதே தாளில் பெருமதிப்பை அச்சிடுகிறான். பேனா அவனை வாழ்த்தி அனுப்புகிறது! அது நோட்டைச் சோதிக்கவில்லை, தாளில் மாவுச்சத்து உண்டா என்பதை மட்டுமே சோதித்தது என்பதைக் கடைக்காரர் மறந்தார். கேட்ட கேள்விக்குத்தான் சொட்டு விடை தரும். கேளாத கேள்விக்கும் அதனிடம் விடை பெற்றதாக எண்ணினால், அயோடினையும் சாமியாக்கிவிட்டோம் என்று பொருள்.

ஆகவே நாம் கேட்பவை சிலவே. கல்வித் துறையிடம் கேட்கிறோம்: செய்முறைத் தேர்வில் பெயர் ஒட்டாத மூன்று குழாய்களைக் கொடுங்கள். ஒன்றில் அரிசிக் கஞ்சி, ஒன்றில் சுண்ணக்கட்டியைக் கரைத்த நீர், ஒன்றில் சருக்கரை நீர். எதில் எது என்று மாணவனுக்குத் தெரியக் கூடாது. சென்ற ஆண்டுப் பதிவேடு அவனுக்கு உதவாத வகையில் ஆண்டுதோறும் மாற்றுங்கள். நீலம் வரவில்லை என்று கண்டு 'வரவில்லை' என்று எழுதுபவனுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். இன்று 'வரவில்லை' என்று எழுத மாணவன் அஞ்சுகிறான்; கண்ணால் கண்டதை விட்டுப் பாடநூலில் உள்ளதை எழுதுகிறான். தலைமையாசிரியர்களிடம் கேட்கிறோம்: சாவியை அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். மூடி கசியும் பாட்டிலை எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். ஒளி படாத பழுப்புப் பாட்டிலில் வையுங்கள்.

இளைஞர் மன்றத் தோழர்களிடம் கேட்பது இது: ஊரில் மீண்டும் பிளாஸ்டிக் அரிசிப் பேச்சு எழுந்தால் மேடை போட்டு முழங்க வேண்டாம். நியாயவிலைக் கடையில் அரிசி போடும் நாளில் வரிசை ஓரமாக ஒரு பலகை போடுங்கள். வந்திருப்பவர் பையிலிருந்தே ஒரு பிடி வாங்கி நசுக்குங்கள். பக்கத்தில் உடைந்த பிளாஸ்டிக் வாளியின் துண்டொன்றும் இருக்கட்டும். சொட்டுக்குழாயை அந்தத் தாயின் கையிலேயே கொடுத்து இரண்டின்மேலும் விடச் சொல்லுங்கள். மிதக்கும் மணி இருந்தால் அதன்மேலும் விடச் சொல்லுங்கள். கோயில் பிரசாதப் பொங்கலைக் கொண்டுவந்தாலும், பள்ளிச் சத்துணவுச் சோற்றைக் கொண்டுவந்தாலும், வாங்கிச் சொட்டிக் காட்டுங்கள். எல்லாம் ஒரே நீலந்தான். சொட்டிய அரிசியையும் சோற்றையும் எவரும் உண்ணாதபடி மண்ணில் கொட்டி மூடிவிடுங்கள்; கோழிக்கும் போட வேண்டாம். கையில் பட்ட கறைக்கு அரை மூடி எலுமிச்சை போதும்.